புள்ளி ஒன்று மில்லிமீட்டர்

பம்பு பென் டிரைவில் வந்திருக்கிறது. ஒன்றரை குதிரைத்திறன் மோனோபிளாக், வார்ப்பிரும்பு உடம்பு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 400 மில்லிமீட்டர். கம்பெனியின் டிசைன் இன்ஜினியர் அதைச் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக் கொண்டுவந்தார். மேசைமேல் வைத்த பிறகும் கையை உடனே எடுக்கவில்லை. ஏழெட்டு மாத வேலை அதற்குள் இருக்கிறது என்பது அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது.

கோவை, கணபதி. இரண்டு லேத் பட்டறைகளின் தலைமேல் இருக்கிறது இந்த அறை. கீழே இரும்பு சீவும்போது மாடித் தரை லேசாக அதிர்கிறது. மூன்று கம்ப்யூட்டர்கள், ஓர் ஏசி, கூலன்ட் எண்ணெய் வாசம். சுவர் முழுக்க பம்பும் மோட்டாரும் வெட் கிரைண்டருமாக மாதிரி அச்சுத் தாள்கள். ஈரம் சொட்டும் குழாய், பெயின்டில் மின்னும் வெளிச்சம், கீழே விழும் நிழல் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒன்றுகூடப் புகைப்படம் இல்லை. கேட்லாக் அச்சுக்குப் போகும் நாளில் பல பம்புகளுக்கு முதல் காஸ்டிங்கே ஃபவுண்டரியிலிருந்து வந்திருக்காது. கொடிசியாவில் கண்காட்சி தொடங்கும் தேதி காஸ்டிங்குக்காகக் காத்திருக்காது. இல்லாத பம்பைப் படம் பிடித்துக் கொடுப்பதுதான் இந்த மாடியின் தொழில்.

கேட்லாக்கின் தமிழ்ப் பக்கங்களைப் பிழை திருத்த வந்தவன் நான். பக்கங்கள் இன்னும் தயாராகவில்லை. ஓரத்தில் ஒரு நாற்காலியைக் காட்டினார்கள். அதன்பிறகு என்னை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

நடு கம்ப்யூட்டரின் முன்னால் இருக்கும் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்ப்பாள். பிறகு நாற்காலியோடு பின்னால் உருண்டு போய்க் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பாள். இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில்தான் அவளுடைய நாள் போகிறது. மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு வார்ப்பிரும்பு இம்பெல்லர். ஓரம் உடைந்து பட்டறை கழித்துப் போட்டது. பக்கத்து இருக்கையில் புதிதாகச் சேர்ந்த பையன். டிப்ளமா முடித்த கை. அவசரம் விரல் நுனியில் இருக்கிறது.

பையன் ஃபைலை இரண்டு முறை தட்டினான். எதுவும் திறக்கவில்லை. நோட்பேடில் போட்டுப் பார்த்தான். படம் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் எழுத்து வந்தது. முதல் வரியில் ஐ.எஸ்.ஓ. 10303-21. அதன்கீழ் ஆயிரக்கணக்கான வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

அவள் தன் இருக்கையிலிருந்தே எட்டி, ஒரு வரியில் விரல் வைத்தாள். "இதைப் படி."

"சிலிண்ட்ரிகல் சர்ஃபேஸ்... அப்புறம் ஏதோ நம்பர்... அம்பதுங்க்கா."

"அச்சு எதுன்னு அந்த நம்பர் சொல்லுது. அம்பது அதோட ஆரம். மோட்டார் உடம்போட உருளை அவ்வளவுதான். இதுல எங்கயாச்சும் முக்கோணம் இருக்குதா தேடிப் பாரு."

பையன் மெய்யாகவே தேடினான். இல்லை.

அந்த ஒற்றை வரி வந்த பாதை நீளமானது. 1950களின் கடைசியில் பிரான்சின் சித்ரோயன் கார் கம்பெனியில் பால் த காஸ்தெல்ஜோவும், அடுத்த சில ஆண்டுகளில் ரெனோவில் பியர் பெசியேயும், கார் உடம்பின் வளைவை ஓவியரின் கைவீச்சிலிருந்து எடுத்துக் கணிதத்தில் உட்கார வைத்தார்கள். சித்ரோயன் தன் முறையை வெளியே விடவில்லை. பெசியே எழுதி வெளியிட்டார். வளைவுக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. 1970களில் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டும் கூட்டாளிகளும் பரப்புகளை ஒன்றோடொன்று தைத்து, எந்தப் பக்கம் இரும்பு, எந்தப் பக்கம் காற்று என்று அறிந்த முழுத் திடப்பொருளைக் கம்ப்யூட்டருக்குள் செய்தார்கள். 1974-ல் அவர்கள் தொடங்கிய ஷேப் டேட்டா கம்பெனியின் வழியில் வந்தது பாராசாலிட். இன்ஜினியர் பம்பை வரைந்த சாலிட்வொர்க்ஸின் அடிவயிற்றில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். ஒரு மென்பொருளின் மாடலை இன்னொன்று படிப்பதற்கென்று 1994-ல் வந்த பொதுத் தரம் ஐ.எஸ்.ஓ. 10303. தொழிலில் அதற்கு ஸ்டெப் என்று பெயர்.

இன்னொரு குடும்பம் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. அங்கே யாரும் இரும்பை வெட்டப் போவதில்லை. திரையில் பார்த்தால் போதும். 1971-ல் ஆன்ரி கூரோ தன் மனைவியின் முகத்தில் கோடு போட்டு, அதைப் பலகோணங்களாகப் பிரித்து அளந்து, அந்தப் பலகோணங்களின் ஓரம் கண்ணுக்குத் தெரியாதபடி நிழலைக் குழைத்துப் பூசும் வழியைக் காட்டினார். 1972-ல் ஐவன் சதர்லாண்டின் மாணவர்கள், அவர் மனைவியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் மேலேயே கோடு கிழித்து, முனை முனையாக அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். கார் செய்தவர்கள் வளைவைச் சூத்திரமாகவே வைத்துக்கொண்டார்கள். காரைப் படமாகக் காட்ட நினைத்தவர்கள் அதைத் துண்டு துண்டான தட்டைப் பரப்புகளாக்கினார்கள். இந்த மாடியில் படம் செய்யும் மென்பொருளான பிளெண்டர் இந்த இரண்டாவது குடும்பத்துப் பிள்ளை. 2002-ல் அதன் பயனர்கள் ஏழு வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி மூலநிரலை விடுவித்ததால்தான், லேத் பட்டறை மாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அது காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் ஸ்டெப் ஃபைலைக் கொடுத்தால் அதற்குத் திறக்கத் தெரியாது.

நடுவில் ஓர் ஆள் வேண்டும். அவள் ஃப்ரீகேடைத் திறந்தாள். மாத்ரா டேட்டாவிஷன் என்ற பிரெஞ்சு கம்பெனி 1999-ல் திறந்துவிட்ட ஓப்பன் கேஸ்கேட் நிரல்தான் அதன் எலும்பு. வளைபரப்பைப் படிக்கவும் தெரியும், அதை முக்கோணங்களாக உடைக்கவும் தெரியும்.

பம்பு திரையில் வந்தது. இடப்பக்கம் உறுப்புகளின் பட்டியல் மரம்போல் விரிந்தது. கேசிங், இம்பெல்லர், ஷாஃப்ட், பேரிங், மெக்கானிக்கல் சீல், ரோட்டார், கெப்பாசிட்டர், டெர்மினல் பாக்ஸ், ஃபேன், ஃபேன் கவர், நட்டு போல்ட்டு. அவள் எதையும் பேசாமல் பட்டியலில் மேலிருந்து கீழே வந்தாள். ரோட்டாரைக் குறித்து நீக்கினாள். பேரிங்குகள் போயின. கெப்பாசிட்டர் போயிற்று.

இன்ஜினியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மேடம், அந்த சீல் இருக்குதுங்ளே, அதுதான் நம்ம பம்புக்கு ஸ்பெஷலே."

"முன்பக்க படத்துல அது தெரியாதுங்க சார்."

"தெரியாதுங்க. ஆனா இருக்கோணுமில்லீங்க."

"குறுக்குவெட்டுப் படத்துல இருக்கும் சார். அங்க வெக்கறேன்."

அவர் சமாதானமாகவில்லை. அவருடைய தொழிலில் கண்ணுக்குத் தெரியாத பாகம்தான் பம்பை ஓட வைக்கிறது. அவளுடைய தொழிலில் கண்ணுக்குத் தெரியாத பாகம் வீண் சுமை. இருவரும் ஒரே பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து போல்ட்டுகளுக்கு வந்தாள். யாரோ பாகம் விற்கும் கம்பெனியின் நூலகத்திலிருந்து எடுத்துச் செருகிய எட்டு போல்ட்டுகள். ஒவ்வொன்றிலும் மரை சுருள் சுருளாக முழுதாக வரையப்பட்டிருக்கிறது. சுருள் மரை முக்கோணங்களைத் தின்னும். அவள் எட்டையும் எடுத்துவிட்டு, மரையில்லாத வெறும் தண்டுடன் ஒரே ஒரு போல்ட்டை வைத்தாள். அந்த ஒன்றையே எட்டு இடத்தில் காட்டும்படி பிளெண்டரில் சொல்லிக்கொள்ளலாம். வடிவம் நினைவகத்தில் ஒருமுறைதான் இருக்கும்.

குறுக்குவெட்டையும் ஃப்ரீகேடிலேயே முடித்துக்கொண்டாள். பையன் கேட்டான், "அதை பிளெண்டர்லயே வெட்டிக்கலாமில்லீங்க்கா?"

"இப்ப வெட்டுனா வெள்ளரிக்காய். அங்க போயி வெட்டுனா பலூன்."

பையனுக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் விளங்கியது. முழுத் திடப்பொருளின் குறுக்கே கத்தி வைத்தால், வெட்டுப்பட்ட இடத்தை மென்பொருளே இரும்பாக மூடிக் காட்டுகிறது. எது உட்புறம் என்று அதற்குத் தெரியும். முக்கோணங்களாக மாறியபின் மிஞ்சுவது மேல்தோல் மட்டும். அந்தத் தோலில் எங்காவது ஒரு மயிரிழை பிளவு இருந்தாலும், எது உள்ளே எது வெளியே என்று கேட்டால் பதில் வராது. ஆகவே கெட்டியாக இருக்கும்போதே கெட்டித்தனம் தேவைப்படும் வேலைகளை முடித்துவிட வேண்டும்.

எக்ஸ்போர்ட் என்று தட்டியதும் மென்பொருள் ஓர் எண்ணைக் கேட்டது. பரப்பு விலகல் எவ்வளவு இருக்கலாம்?

இந்தத் தொழிலின் மொத்தமும் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. வட்டத்தை நேர்கோடுகளால் ஆக்க முடியாது. எத்தனை கோடு போட்டாலும் கோட்டுக்கும் வட்டத்துக்கும் நடுவில் ஒரு சின்ன வில் மிஞ்சும். அந்த வில்லின் உயரம் எவ்வளவு இருந்தால் பொறுத்துக்கொள்வாய் என்று கேட்கிறது மென்பொருள். 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்கு 24 கோடுகள் போட்டால் விலகல் 0.43 மில்லிமீட்டர். 50 கோடுகள் போட்டால் 0.1. அதை 0.01 ஆக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 157 கோடுகள். இருபக்கமும் வளைந்த பரப்பில் கணக்கு இன்னும் கடுமை; விலகலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் முக்கோணங்கள் ஏறக்குறைய பத்து மடங்காகும். சரியான எண் எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. பம்புக்கும் தெரியாது.

பையன் 0.01 என்று அடித்தான். இன்ஜினியர் தலையாட்டினார், அவருடைய டிராயிங்கில் பேரிங் உட்காரும் இடத்துக்கு அதைவிட நுணுக்கமாகக் கேட்பார்கள். கம்ப்யூட்டரின் மின்விசிறி கீழே ஓடும் லேத்தோடு போட்டி போட்டது. திரை வெளுத்தது. கர்சர் சுற்றிக்கொண்டே இருந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள். அவள் கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு பையனைத் திட்டாமல், அவன் கைக்கு மேலாகக் கை நீட்டி நிறுத்தினாள்.

"கேட்லாக்ல பம்பு எத்தனை நீளத்துக்கு வருது?"

"பத்து சென்டிமீட்டருங்க்கா."

"அப்ப நாலுல ஒரு பங்கு. அச்சுல ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி. ஒரு புள்ளி நெசமான பம்புல எவ்வளவு வரும்?"

பையன் கால்குலேட்டரை எடுத்தான். "0.34 மில்லிமீட்டர்."

"ஒரு புள்ளிக்குள்ள மூணு தடவை நுழையற விலகல் போதும். 0.1 போடு."

இன்ஜினியர் இதைக் கேட்டு ஒரு மாதிரி பார்த்தார். டாலரன்ஸ் என்ற சொல்லோடு வாழ்கிறவர் அவர். ஷாஃப்ட்டும் துளையும் ஒன்றில் ஒன்று போக எவ்வளவு பிசகு தாங்கும் என்று கணக்குப் போட்டே வயதானவர். பார்க்கிற கண்ணை வைத்து டாலரன்ஸ் கொடுப்பதை இப்போதுதான் பார்க்கிறார்போல. முகத்தில் மறுப்பு இல்லை. கொஞ்சம் வியப்பு இருந்தது.

மென்பொருள் இரண்டாவதாகவும் ஒன்று கேட்டது: கோணம். சின்ன வளைவுகளுக்காக இந்தக் கேள்வி. 2 மில்லிமீட்டர் ஆரத்தில் மழுங்கிய விளிம்புக்கு 0.1 மில்லிமீட்டர் என்றால் கால் வட்டத்துக்கு மூன்றே துண்டுதான் விழும். கிட்டப் படமெடுத்தால் செதுக்கியதுபோல் தெரியும். பெரிய வளைவை மில்லிமீட்டர் காப்பாற்றும், சின்ன வளைவைக் கோணம் காப்பாற்றும். இரண்டாவது எண்ணை அவள் யோசிக்காமலே அடித்தாள்.

ஓபிஜே ஃபைல்கள் வந்தன. பையன் பிளெண்டரில் ஏற்றினான். திரை முழுக்கச் சாம்பல் நிறம். அவன் பின்னால் போனான், இன்னும் பின்னால் போனான். கடைசியில் பம்பின் ஓரம் தெரிந்தது. ஸ்டெப் ஃபைலில் மில்லிமீட்டர் என்று அலகு எழுதியிருந்தது. முக்கோணமான பிறகு வெறும் எண்கள்தான் மிஞ்சின. பிளெண்டர் தன் வழக்கப்படி அவற்றை மீட்டர் என்று எடுத்துக்கொண்டது. 400 மீட்டர் நீளப் பம்பு. ஈபிள் கோபுரத்தின் உயரமே 330 மீட்டர்தான். போதாததற்கு எந்த அச்சு மேல்நோக்கியது என்பதிலும் இரண்டு மென்பொருளுக்கும் கருத்து வேறுபாடு; பம்பு மல்லாந்து கிடந்தது. இன்ஜினியர் முதல் முறையாகச் சிரித்தார். பையன் ஆயிரத்தில் ஒன்றாகச் சுருக்கி, தூக்கி நிறுத்தினான். இம்பெல்லர் தனி ஃபைலாக வந்திருந்தது. அதையும் ஏதோ செய்து அச்சில் பொருத்தினான்.

டெர்மினல் பாக்ஸின் மூடியில் கறுப்பு வரிகள் ஓடின. அது மட்டமான தகடு. மூலைக்கு ஒன்றாக நான்கு திருகுத்துளை. மட்டத்தில் விலகல் என்பதே இல்லாததால், மென்பொருள் சிக்கனம் பார்த்து, துளையோரத்திலிருந்து மறுகோடிவரை நீளும் ஊசி முக்கோணங்களால் தகட்டை நிரப்பியிருந்தது. வடிவத்தில் குறையில்லை. ஆனால் பையன் முனைகளை ஒட்டவைத்து மழமழப்பாக்கச் சொன்னதும், ஒவ்வொரு முனையிலும் சேரும் முகங்களின் திசைக்குச் சராசரி எடுக்கப்பட்டது. விளிம்பில் மட்டமும் பக்கச்சுவரும் கலந்து கிடைத்த திசை, ஊசி முக்கோணத்தின் வழியாக நடுத்தகடுவரை இழுபட்டு வந்தது. கூரோ 1971-ல் செய்த அதே குழைப்பு. முகத்துக்கு அழகு சேர்த்தது தகட்டில் அழுக்கானது. அவள் ஒரு கோண வரம்பு வைத்தாள். 30 பாகைக்கு மேல் திரும்பும் விளிம்பில் குழைக்காதே. வரிகள் மறைந்தன.

இப்போது பம்பு சுத்தமாக இருந்தது. அதுதான் சங்கடமும். பெயின்ட் கொடுத்து விளக்கு போட்டதும் பிளாஸ்டிக் பொம்மைபோல் நின்றது. அவள் நாற்காலியோடு பின்னால் உருண்டாள்.

"சார், உங்க டிராயிங்ல விளிம்பெல்லாம் மழுக்கச் சொல்லி நோட் போட்டிருப்பீங்களே?"

"ஆமாங்க. ரிமூவ் பர்ஸ், பிரேக் ஷார்ப் எட்ஜஸ். எல்லா டிராயிங்லயும் இருக்கும்."

"மாடல்ல இல்லீங்க சார்."

அவர் திரையைப் பார்த்தார். அது மெய். டிராயிங்கின் மூலையில் ஒரு வாக்கியமாக எழுதி, பட்டறைக்காரரின் அரத்துக்கு விட்டுவிட்ட வேலை அது. அதை மாடலில் வரைய எந்த இன்ஜினியரும் நேரம் செலவழிப்பதில்லை. ஆனால் உலகத்தில் எந்த இரும்பு விளிம்பும் கணிதக் கூர்மையோடு இருப்பதில்லை. மழுங்கிய அந்த நூலிழை அகலத்தில்தான் வெளிச்சம் பட்டுக் கோடாக மின்னுகிறது. கண் அதைப் பார்த்துத்தான் இரும்பு என்று நம்புகிறது. அவள் பெயின்டின் அமைப்பில் ஒரு மழுக்கலைச் சேர்த்தாள். வடிவம் மாறவில்லை, வெளிச்சம் மட்டும் விளிம்பில் வளைந்து போனது. கேசிங்குக்கு மணல் அச்சின் சொரசொரப்பைக் கொடுத்தாள். அதுவும் மாடலில் இல்லாதது. ஸ்டெப் ஃபைலுக்கு மணலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முக்கோணங்களைக் கூட்டிப் பார்த்தபோது இன்னொரு வேடிக்கை. கேசிங்கின் நெற்றியில் புடைப்பாக வார்த்த கம்பெனிப் பெயர், எழுத்துக்கு எழுத்து மழுங்கிய ஓரங்களோடு, மொத்த கேசிங்கைவிட அதிக முக்கோணங்களை எடுத்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் குறைக்கப் போனாள்.

"பேர்ல கை வெக்காதீங்க மேடம்" என்றார் இன்ஜினியர். "முதலாளி மொதல்ல பாக்கறதே அதைத்தானுங்க."

அவள் கையை எடுத்துவிட்டாள். அவள் கேட்கும் கேள்விக்கு அதுவும் ஒரு பதில்தான்: பார்க்கப் போவது யார்?

அந்தக் கேள்வி நாலரை மணிக்கு மறுபடி வந்தது. டீ குடித்துக்கொண்டே இன்ஜினியர், ஏதோ மறந்தது ஞாபகம் வந்தவராக, "இதையே ஸ்டால் பேனருக்கும் போட்டுக்கலாமில்லீங்க?" என்றார். பத்தடிப் பேனர். பம்பு மட்டும் எட்டடி.

பையன் டம்ளரை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டான், யாரும் சொல்லாமலே. நெசத்தைப்போல ஆறு மடங்கு. 0.1 விலகல் பேனரில் 0.6 மில்லிமீட்டராகும். மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரின் கண் 0.87 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைப் பிரித்தறியாது. கண்ணின் கூர்மை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு என்பதிலிருந்து வரும் கணக்கு. "தாங்குமுங்க்கா."

"மூணு மீட்டர்ல யாரு நிப்பாங்க? பேனர் முன்னால நின்னு செல்ஃபி எடுப்பாங்க."

அரை மீட்டரில் 0.145. பையன் உதட்டைக் கடித்தான். முழுப் பம்பையும் மறுபடி உடைக்க வேண்டுமோ என்று இன்ஜினியர் கவலையோடு கேட்டார். வேண்டாம் என்றாள். நத்தை ஓடுபோல விரியும் கேசிங்கின் வால்யூட் வளைவும் ஃபேன் கவரும்தான் ஓரத்தில் வெறும் பின்னணிக்கு எதிரே தெரியும். மற்றவை பம்பின் உடம்போடு ஒளிந்துகொள்ளும். அந்த இரண்டை மட்டும் 0.02-க்குப் போட்டாள். பேனரில் 0.12. செல்ஃபி எடுப்பவர்களுக்கும் ஓரம் வட்டமாகவே தெரியும்.

குறுக்குவெட்டுப் படம் ரெண்டராகி வந்தபோது வெளியே வெயில் தணிந்திருந்தது. கேசிங்கைக் கால்பங்கு வெட்டித் திறந்த படம். உள்ளே பித்தளை நிறத்தில் இம்பெல்லர், அதன்பின் இன்ஜினியர் ஆசைப்பட்ட சீல், பளபளக்கும் ஷாஃப்ட். எனக்கு அழகாகத்தான் இருந்தது. அவளும் பின்னால் உருண்டுபோய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் அது பாராட்டு.

இன்ஜினியர் பார்த்தார். டம்ளர் கையிலேயே நின்றது.

"இது தப்புங்களே."

பையன் முகம் மாறியது. "எதுங்க சார்? அளவெல்லாம் நீங்க குடுத்ததுதானுங்க."

அவர் பதில் சொல்லாமல் மேசையிலிருந்த உடைந்த இம்பெல்லரை எடுத்தார். அடியிலிருந்த காகிதங்கள் பறந்தன. அதை உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்றினார். "இந்த வேன் இதழைப் பாருங்க. சுத்தற பக்கத்துக்கு எதிரா, பின்னால சாஞ்சு வளைஞ்சிருக்கோணும். தண்ணி அப்புடித்தான் வெளிய போகும். உங்க படத்துல வால்யூட் இந்தப் பக்கமா விரியுது. அப்ப பம்பு இந்தப் பக்கம் சுத்தோணும். ஆனா வேன் முன்னால குனிஞ்சு நிக்குது."

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் திரைக்குப் போனாள். இம்பெல்லரைத் தேர்ந்து, அதன் அளவு மாற்றப் பெட்டியைத் திறந்தாள். ஓர் அச்சில் மைனஸ் ஒன்று. திரும்பிக் கிடந்ததைச் சுழற்றி நேராக்குவதற்குப் பதில், பையன் கண்ணாடி பிம்பமாகப் புரட்டியிருக்கிறான். அச்சில் கச்சிதமாகப் பொருந்திவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அறையில் சற்று நேரம் கீழ்ப்பட்டறையின் சத்தம் மட்டும். எனக்கு அந்த இடத்தில்தான் காலையிலிருந்து பார்த்தது முழுதாகப் புரிந்தது. புரட்டிய இம்பெல்லரில் விலகல் பூஜ்யம். விட்டம் சரி, வேன்களின் எண்ணிக்கை சரி, கனம் சரி, ஒவ்வொரு வளைவின் ஆரமும் சரி. நுண்ணளவி வைத்து அளந்தாலும் பிழை அகப்படாது. ஆனால் அந்தப் பம்பு ஒழுங்காகத் தண்ணீர் இறைக்காது. வால்யூட் வளைவோ முழுக்க முழுக்கப் பொய். ஆயிரக்கணக்கான தட்டைத் துண்டுகள் வட்டமாக நடிக்கின்றன. அதைப் பார்த்து எந்த விவசாயியும் ஏமாறப் போவதில்லை. மென்பொருள் கேட்டது வால்யூட் வகைப் பிசகுக்கான எண்ணை மட்டும். இம்பெல்லர் வகைக்கு அதனிடம் பெட்டியே கிடையாது. அதற்கு ஒருவர் டீ டம்ளரோடு பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது.

மைனஸ் ஒன்று ஒன்றாயிற்று. இம்பெல்லர் 180 பாகை சுழன்று சரியாக உட்கார்ந்தது. பையன் தரையில் பறந்த காகிதங்களைப் பொறுக்கினான். "சாரி சார்" என்றான் குனிந்தபடியே.

"பரவால்ல கண்ணு. ஃபவுண்டரியில பண்ணியிருந்தாத்தான் கஷ்டம். அங்க அது வேற பார்ட் நம்பர்" என்றார் அவர். குரலில் காலையில் இல்லாத இளக்கம். உள்ளே இருக்கிற பாகத்துக்குக் கடைசியில் ஒரு மரியாதை கிடைத்துவிட்டது.

கிளம்பும் முன் அவர் ஓர் ஆசையைச் சொன்னார். இவ்வளவு சுத்தமாக்கிய மாடலை அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தால், தங்கள் டிராயிங்கிலேயே சேர்த்துக்கொள்ளலாமே?

"வராதுங்க சார்" என்றாள். "நீங்க ஒரு வரியில எழுதுன உருளை இங்க முக்கோணமாயிருச்சு. அதைத் திருப்பி உங்க சாஃப்ட்வேர்ல போட்டா அத்தனையும் தனித்தனி தட்டை முகமா வரும். ஆரம் எவ்வளவுன்னு கேட்டா அதுக்கே தெரியாது. மறுபடி உருளையாக்கோணும்னா ஒரு ஆள் உக்காந்து மொதல்லிருந்து வரையணும்."

"அப்ப ஒரு வழிப் பாதைதானுங்களா?"

"ஒரு வழிதான். அதனால உங்க ஸ்டெப் ஃபைலை நான் தொடறதே இல்ல. தனி ஃபோல்டர்ல இருக்கு. மாத்தறதா இருந்தா உங்க பக்கம் மாத்துங்க. நான் மறுபடி எடுத்துக்கறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, அவர் போனில் வாட்ஸ்அப் ஒலித்தது. படித்தார். முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேஸின் போல்ட் துளையை நீள்துளையாக மாற்றியிருக்கிறார்களாம். பழைய பம்பு இருந்த இடத்தில் அப்படியே உட்கார வேண்டுமென்று டீலர்கள் கேட்டார்களாம்.

"பேஸ் மட்டும் தனியா அனுப்பச் சொல்லுங்க சார். முழு அசெம்பிளி வேண்டாம்."

என் தமிழ்ப் பக்கங்களும் அதற்குள் அச்சாகி வந்துவிட்டன. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முக்கால் மணியில் பேஸ் வந்தது. பையன் ஃப்ரீகேடில் திறந்து, எக்ஸ்போர்ட் பெட்டிவரை போய் நின்றுவிட்டான்.

"அக்கா, இதுக்கு எவ்வளவு வெக்கட்டுங்க?"

"பேஸை யாரு பாப்பாங்க? நீயே யோசிச்சு வை."

அவன் கேட்லாக் பக்கத்தைப் பார்த்தான், பேனரின் அளவைப் பார்த்தான், பேஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். முழுக்க மட்டத் தகடு. வளைவென்று இருப்பது நான்கு நீள்துளைகளின் முனைகள் மட்டும், அதிலும் பாதி போல்ட் தலைக்கு அடியில்.

"0.3 போதுமுங்க்கா. துளை ஓரத்துக்குக் கோணம் மட்டும் கொஞ்சம் இறுக்கி வெக்கறேன்."

"போடு" என்றாள், அவன் திரையைத் திரும்பிப் பார்க்காமலே.